பீடி சுற்றிய விரலின் ரேகை: வீட்டில் எடுத்த பதிவு தங்க டாலரில் ஏறியது எப்படி – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிப்பவர் ஆச்சி. வயது 71. நாற்பது ஆண்டுக்கு மேலாக வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர். இப்போதும் நாளுக்குச் சில நூறு சுற்றுகிறார். மகனும் மருமகளும் கூட இருக்கிறார்கள். மூத்த மகள் சென்னையில் வேலை பார்க்கிறார். அந்த மகளின் மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது, ஆச்சியின் விரல்ரேகை பொறித்த தங்க டாலர் ஒன்று செய்யக் கோயம்புத்தூரில் உள்ள ஒரு பட்டறையை அணுகினார்கள். அரைப் பவுன், 22 காரட், 18 மி.மீ. வட்டம். கையில் இருந்த காலம் ஐந்து வாரம்.

கேட்டது இடது கட்டைவிரல். அதற்குக் காரணம் உண்டு. ஆச்சி கையெழுத்துப் போடப் படிக்கவில்லை. பீடிக் கடைப் பாஸ் புத்தகம், வங்கி, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் இருப்பது அந்தக் கட்டைவிரல்தான். 'கைநாட்டு' என்று ஊர் இளக்காரமாகச் சொன்ன அதே ரேகையைக் கழுத்தில் தங்கமாக அணிய வேண்டும் என்பது பேத்தியின் ஆசை.

ஆச்சியை அவ்வளவு தூரம் அழைத்து வர இயலாது. அதனால் பதிவை வீட்டிலேயே எடுத்து அனுப்புவது என்று முடிவானது.

வந்த முதல் படம்

கோடு போட்ட நோட்டுத் தாளில் ஊதா நிற ஸ்டாம்ப் பேட் மையால் இடது கையின் ஐந்து விரல்களும் பதிக்கப்பட்டிருந்தன. அதை மருமகள் செல்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஊதாத் திட்டு ஒன்று, ஓரத்தில் மட்டும் நாலைந்து கோடு. மோதிரவிரல் பதிவில் சுழி ஓரளவு தெரிந்தது. ஆனால் கேட்டது அதை அல்ல என்பதால் பட்டறையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

படத்தின் அளவே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. முழுத் தாளும் சட்டத்துக்குள் வருமாறு எடுத்த படம், வாட்ஸ்அப்பில் சுருங்கி நீளவாக்கில் 1,600 பிக்சல் அளவில் வந்திருந்தது. ஏறத்தாழ 30 செ.மீ. தாளுக்கு 1,600 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்தேகால். பெரியவர்களின் விரலில் ரேகைக் கோடாகப் பதியும் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு உள்ள தூரம் சுமார் அரை மில்லிமீட்டர். ஆக ஒரு மேட்டுக்கும் பக்கத்துப் பள்ளத்துக்கும் சேர்த்து இரண்டரைப் பிக்சல்தான் கிடைத்திருந்தது. பதிவு எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும் இதிலிருந்து பொறிக்கும் அளவுக்குக் கோடு பிரித்திருக்க முடியாது. கோடு போட்ட தாள், ஊதா மை, டியூப்லைட்டில் விழுந்த செல்பேசியின் நிழல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

'அழுத்தமாக' என்ற சொல்லால் வந்த வினை

இங்கே பட்டறை ஒரு தவறு செய்தது. "இன்னும் அழுத்தமாக எடுத்து அனுப்புங்கள்" என்று பதில் போட்டார்கள். கோடுகள் கருமையாக வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். வீட்டில் அது விரலை ஊன்றி அழுத்துவதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, வீட்டாரைக் குறை சொல்ல ஏதுமில்லை.

இரண்டாம் தவணையில் மூன்று தாள் வந்தது. ஸ்டாம்ப் பேடில் புதிதாக மை ஊற்றியிருந்தார்கள். ஒரு தாளில் கண்மையும் முயன்றிருந்தார்கள். மூன்றிலும் ஒரே தோற்றம்: விளிம்பில் தடித்த வளையம், நடுவில் வெளுப்பு அல்லது திட்டு. விரலை அழுத்தும்போது மேடுகள் சப்பையாகிப் பரவுகின்றன, இடையிலுள்ள பள்ளம் மூடிக்கொள்கிறது, நடுவில் இருந்த மை பிதுங்கி ஓரத்துக்கு ஓடுகிறது. வயதானவர்களின் தோல் தளர்ந்திருப்பதால் விரல் எலும்பு ஒரு பக்கம் போக, தோல் இன்னொரு பக்கம் நழுவும். அதனால் கோடுகள் இரட்டையாக விழும். கண்மையில் எண்ணெய்ப் பசை அதிகம். அது பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் வெளியே வராது.

மை முறையே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து காவல்துறையில் மையில்தான் பதிவு எடுத்தார்கள். ஆனால் அது கெட்டியான கறுப்பு அச்சு மை. கடுகளவு எடுத்துக் கண்ணாடியிலோ உலோகத் தகட்டிலோ வைத்து, உருளையால் இழுத்து இழுத்துப் படலமாக்கிய பிறகுதான் விரல் அதில் படும். ஸ்டாம்ப் பேட் மை ரப்பர் முத்திரைக்கு என்று தண்ணீராகச் செய்யப்பட்டது. மேடு எது பள்ளம் எது என்று அது பார்க்காது.

இந்த மூன்று தாளைக் கண்ட பிறகு ஆச்சி மகளிடம் தொலைபேசியில் சொன்னது: "இந்தக் கையில என்னட்டி இருக்கு, எல்லாம் தேஞ்சு போச்சு. பேசாம விடு." மகளும் கிட்டத்தட்ட விட்டுவிடும் நிலைக்கு வந்தார்.

விரலை நேரில் பார்த்தது

பட்டறையிலிருந்து காணொளி அழைப்பில் விரல்களைக் காட்டச் சொன்னார்கள். மின்விளக்கை அணைத்து, ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி விரலைத் திருப்பச் சொன்னார்கள். நேர் வெளிச்சத்தில் விரல் முழுக்க ஒரே நிறமாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடும் தன் நிழலைப் பக்கத்துப் பள்ளத்தில் போடுவதால் மேடு இருக்கிறதா இல்லையா என்பது வெறும் கண்ணுக்கே புலப்படும்.

இரு கைகளிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனிப் பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தன. பீடி இலை உருள்வது அந்த இரு விரல்களுக்கு நடுவில்தான். நடுவிரலின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் அந்த வேலையில் அதிகம் படுவதில்லை. அவற்றில் மேடுகள் தெரிந்தன. ஆனால் தோல் வறண்டு, குறுக்கே மெல்லிய வெடிப்புகள் ஓடின. பாத்திரம் விளக்கும் பொடியும் துணிச் சோப்பும் செய்த வேலை அது.

அப்போது பட்டறையில் ஒருவர் கேட்ட கேள்வி இந்த நிகழ்வில் எல்லாவற்றையும் விடப் பயனுள்ளதாக அமைந்தது: "ரேஷன் கடை மெஷின்ல எந்த விரல் வைப்பீங்க?"

மருமகள் உடனே சொன்னார்: "கட்டைவிரல் எடுக்கவே எடுக்காது. அத்தைக்கு இடது மோதிரவிரல்தான். அதுவும் தலையில தேச்சுட்டு வச்சாத்தான்."

ஆதார் கருவி முன் பல மாதம் பல விரல்களை வைத்துப் பார்த்து, எந்த விரல் தேறும் என்று குடும்பம் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சம்.

எடுத்த முடிவு: இரு விரலையும் தயார் செய்வது. கட்டைவிரல் தேறினால் அது, இல்லையென்றால் மோதிரவிரல்.

பன்னிரண்டு நாள்

ரேகையின் வடிவம் தோலின் மேற்பரப்பில் மட்டும் இல்லை. அதன் அச்சு உள்தோலில் இருக்கிறது. மேல்தோல் உதிர்ந்து புதிதாக வரும்போதெல்லாம் அதே வடிவத்தில்தான் வரும். உள்தோல் வரை போன தீக்காயமோ தழும்போ இருந்தால் மட்டுமே அந்த இடம் திரும்பாது. பீடி இலை, சுண்ணாம்பு, சிமெண்டு, சோப்பு இவற்றால் தேய்ந்தது, தேய்க்கும் வேலை நின்றால் மெல்லத் திரும்பும். மேல்தோல் முழுதாக மாற ஒரு மாதம் போல ஆகும், முதுமையில் இன்னும் தாமதமாகும். திருமணத் தேதியைக் கணக்கிட்டதில் பன்னிரண்டு நாள்தான் ஒதுக்க முடிந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் பீடி இல்லை. அந்த வருமானத்தை மகள் ஈடுகட்டினார். இதைப் பட்டறைதான் முதலில் எடுத்துப் பேசியது, பேசியது சரி. தினக்கூலிக் கையை ஓய்வாக வைக்கச் சொல்பவர்கள் அந்தக் கூலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். பாத்திரமும் துணியும் மருமகள் கைக்குப் போயின. இரவு படுக்கும்முன் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் விரல்களை வைத்து, துடைத்து, ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு தூங்கினார். வெடித்த தோலை நகத்தால் உரிக்கக் கூடாது, படிக்கல்லில் தேய்க்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது.

எட்டாம் நாள் வந்த படத்தில் மோதிரவிரலின் வெடிப்புகள் மூடியிருந்தன. கட்டைவிரலில் மூட்டுக்கு அருகே கோடுகள் எழுந்திருந்தன. நுனி இன்னும் வழவழப்புதான்.

பதிவு எடுத்த காலை

மைக்குப் பதில் பென்சில் கரியும் ஒட்டுநாடாவும் என்று தீர்மானித்தார்கள். கரித்தூள் வழியாது, பள்ளத்துக்குள் ஓடாது, மேட்டின் முகட்டில் மட்டும் படியும். அழுத்தமும் மிகக் குறைவாகவே வேண்டும். தேய்ந்த, தாழ்ந்த மேடுகளுக்கு வீட்டில் செய்யக்கூடிய முறைகளில் இதைவிட நல்லது தெரியவில்லை.

வாங்கியவை: 6பி பென்சில் ஒன்று, 24 மி.மீ. அகலமுள்ள பளபளப்பான ஒட்டுநாடா ஒரு சுருள், வழவழப்பான வெள்ளைப் புகைப்படத் தாள் இரண்டு. அரை அங்குல நாடா விரலின் அகலத்தைத் தாங்காது, நடுவில் இணைப்புக் கோடு விழும். அட்டைப்பெட்டி ஒட்டும் பட்டை நாடாவின் பசை முதியவர்களின் மெல்லிய தோலைப் பிய்த்துவிடும். சொரசொரப்பான 'மேஜிக்' வகை நாடா வழியே கோடு மங்கலாகத் தெரியும். சாதாரண வெள்ளைத் தாளில் ஒட்டினால் காகித இழையும் காற்றுக் குமிழியும் ரேகையோடு கலந்துவிடும், அதற்காகத்தான் புகைப்படத் தாள்.

முந்தின இரவு எண்ணெய் தடவவில்லை. காலையில் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, அரை மணி நேரம் சும்மா விட்டார்கள். குளித்த கையோடு எடுத்தால் ஊறிச் சுருங்கிய தோலின் மடிப்பும் பதியும். பிறகு விரலின் அடிமூட்டிலிருந்து நுனியை நோக்கி மெல்லப் பத்துப் பதினைந்து முறை நீவிவிட்டார்கள். இரத்தம் நுனிக்கு வந்து விரல் கொஞ்சம் உப்பும், தளர்ந்த தோல் இழுபட்டு நிற்கும்.

தாளில் 3 செ.மீ. சதுரத்துக்குப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துக் கன்னங்கரேல் என்று தேய்த்தார் மருமகள். அதில் விரலைத் தடவ வேண்டும், ஊன்றக் கூடாது. சரியாகப் படிந்த விரல் கறுப்பாக இருக்காது. ஈயப் பாத்திரம் போல ஒரு சாம்பல் மினுக்கு இருக்கும். மிச்சத் தூளை ஊதிவிட்டு, நாடாவை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, விரலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே ஓட்டமாகப் போர்த்த வேண்டும். மேலே ஒரே ஒருமுறை மெல்லத் தடவல். நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். பிறகு நாடாவை விரலுக்கு மேலே தூக்கி இழுக்காமல், தோலை ஒட்டினாற்போல் மடித்து மெதுவாக உரித்து, தாளில் ஒரு ஓரத்திலிருந்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும்.

முதல் பதிவு முழுக் கறுப்புத் திட்டாக வந்தது. காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காரணம் புரியவில்லை, மறுபடி செய்யச் சொன்னார்கள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாம் முறைதான் தெரிந்தது: ஒவ்வொரு முறையும் விரலை நீட்டுமுன் ஆச்சி அதைத் தலைமுடியில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டார். ரேஷன் கடைப் பழக்கம். வறண்ட விரலுக்குக் கொஞ்சம் பிசுக்கு கிடைத்தால் அந்தக் கருவி படிக்கும். கரிக்கு அந்த எண்ணெய்தான் பகை. தூள் பசையாகிப் பள்ளத்தையும் நிரப்பிவிடும். மறுபடி கழுவி, காயவிட்டு, கையைப் பேத்தியின் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மோதிரவிரலில் ஒன்பது பதிவு, கட்டைவிரலில் ஆறு. ஒரே விரலில் அடுத்தடுத்து எடுக்கும்போது இரண்டாவது, மூன்றாவது பதிவுகள் முதலாவதைவிட நன்றாக வந்தன. உதிரும் நிலையில் இருந்த தோல்துகளை முதல் நாடா எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. விரல் சிவக்கத் தொடங்கியது, அத்துடன் நிறுத்தினார்கள்.

தேறியதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை சொல்லப்பட்டது. பதிவைச் செல்பேசியில் பெரிதாக்கி, சுழியின் நடுவிலிருந்து குறுக்காக 1 செ.மீ. தூரத்தில் உள்ள கோடுகளை எண்ண வேண்டும். இருபதுக்குக் கொஞ்சம் முன்பின்னாக எண்ண முடிந்தால் பதிவு தேறியது. எண்ணும்போது இடையில் கணக்குத் தவறிப் போனால் அந்த இடத்தில் கோடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மோதிரவிரலின் மூன்று பதிவுகள் தேறின. நடுவில் முழுச் சக்கரம், எங்கும் அறுபடவில்லை. கட்டைவிரலில் கீழ்ப்பாதி மட்டும் தேறியது. மேல்பாதியில் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது, கோடு என்று சொல்ல முடியாது.

எந்த விரல்

மகளுக்கு மனம் வரவில்லை. கட்டைவிரலின் மேல்பாதியைக் கணினியில் வரைந்து நிரப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும். கீழ்ப்பாதியில் உள்ள வளைவைத் தொடர்ந்து கோடுகளை நீட்டினால் பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது. பட்டறை மறுத்தது. வாங்குபவர் கேட்பது ஓர் அலங்காரச் சுருளை அல்ல, இந்த ஒருவரின் ரேகையை. இல்லாத கோட்டை இட்டுக்கட்டி அவருடையது என்று கொடுத்தால் அந்த நகைக்குப் பொருளே இல்லாமல் போகும். தூசி, குமிழி, நாடாவின் கீறல் இவற்றை நீக்குவது வேறு. ஒரு மேட்டைக்கூடக் கூட்டக் கூடாது. விரலின் குறுக்கே ஓடிய வெண்ணிறச் சுருக்கக் கோடுகளையும் அப்படியே விட்டார்கள். அவையும் அந்த விரலுக்கு உரியவைதான்.

இருந்த வழி இரண்டு: கட்டைவிரலின் கீழ்ப்பாதியை மட்டும் பிறை வடிவில் பொறிப்பது, அல்லது மோதிரவிரலை முழுதாகப் பொறிப்பது. ஆச்சியிடமே கேட்டார்கள். "எந்த விரலா இருந்தா என்னட்டி, எல்லாம் எங்கை தானே. சக்கரம் இருக்கதையே போடுங்க" என்றார். அத்துடன் முடிந்தது.

ஜெராக்ஸ் கடை

பக்கத்து ஊர் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தார்கள். முதலில் வந்தது 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி), கறுப்பு-வெள்ளை, பிடிஎஃப். ஆவணங்களுக்கு அந்த அமைப்பு சரி. ரேகைக்கு அது நஞ்சு. சாம்பல் நிறத்தில் இருப்பதையெல்லாம் கருவி தானே கறுப்பு அல்லது வெள்ளை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது, மெல்லிய மேடுகள் வெள்ளைப் பக்கம் போய்விடுகின்றன. கடைக்காரரிடம் 'கிரேஸ்கேல்' என்று கேட்டு, 600 டிபிஐ வைத்து, 'ஆட்டோ' திருத்தங்களை நிறுத்தி, பக்கத்தில் ஒரு அளவுகோலையும் வைத்து எடுத்தது தேறியது. 600 டிபிஐயில் மில்லிமீட்டருக்கு 23 பிக்சலுக்கு மேல் கிடைக்கும், ஒரு மேடு-பள்ளத்துக்குப் பன்னிரண்டு போல. 1,200 கிடைத்தால் இன்னும் வசதி. கோப்பை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினார்கள், சுருங்காமல் வந்தது.

பித்தளையில் திரும்பிய சுழி

தங்கத்தில் கை வைக்குமுன் பித்தளைத் தகட்டில் லேசரால் ஒரு மாதிரி பொறித்துப் படம் அனுப்பினார்கள். மகள் அதை முதல் நாள் எடுத்த ஊதாத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்தத் தாளில் இருந்த மோதிரவிரல் இப்போதுதான் பயன்பட்டது. இரண்டிலும் சுழி எதிரெதிர்த் திசையில் சுற்றியது. வேறு யாருடைய ரேகையோ மாறிவிட்டது என்று பதறிப்போனார்.

மாறவில்லை. மையில் தோய்த்துத் தாளில் வைத்த ரேகை, விரலைப் பார்ப்பதற்குக் கண்ணாடி பிம்பம் போல இடவலம் மாறி விழும். நாடாவில் எடுத்துத் தாளில் ஒட்டியதை நாடாவின் முதுகு வழியாகப் பார்க்கிறோம். அதனால் விரலை நேரே பார்ப்பது போலவே இருக்கும். இரண்டும் ஒரே விரல்தான், ஒன்று மற்றொன்றின் மறுபக்கம். குடும்பத்துக்கு வேண்டியது 'கைநாட்டு', தாளில் விழும் தோற்றம். எனவே படத்தை ஒருமுறை திருப்ப வேண்டும் என்று எழுத்தில் உறுதி செய்துகொண்டார்கள். பதிவுத் தாளில் 'இடது மோதிரவிரல், நாடா முறை, நுனி மேலே' என்று முதலிலேயே எழுதி அம்புக்குறி போட்டிருந்தால் இந்தப் பதற்றம் வந்திருக்காது.

படம் போன இடமெல்லாம்

இதற்கிடையில் தெளிவான ஸ்கேன் படத்தை மகள் மகிழ்ச்சியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இதைப் பட்டறை கவனித்துச் சொன்னது நல்லதாயிற்று. அந்த விரல் ஆதார் கருவி ஏற்கும் விரல். நாட்டில் பத்திரங்களில் இருந்த ரேகைப் படத்தை வைத்துச் சிலிகான் போன்ற பொருளில் போலி விரல் செய்து, ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் கணக்கிலிருந்து பணம் எடுத்த மோசடிகள் நடந்திருக்கின்றன. பொறிப்பதற்குத் தேறும் தெளிவு, திருடுவதற்கும் தேறும்.

செய்தவை: குழுவிலிருந்து படம் எல்லோருக்குமாக நீக்கப்பட்டது. ஆச்சியின் ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவுகள் பூட்டப்பட்டன. ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ இதைச் செய்யலாம், ஆதாரில் பதிந்த கைபேசி எண் கையில் இருக்க வேண்டும். பூட்டினால் ரேஷன் கடையிலும் அந்த விரல் வேலை செய்யாது. அட்டையில் பெயருள்ள இன்னொருவர் ரேகை வைக்கலாம் என்பதால் அந்தப் பொறுப்பை மருமகள் எடுத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுவதாகப் பட்டறை எழுதிக் கொடுத்தது.

பலரும் யோசிக்காத ஒன்று பாக்கி இருந்தது. தாளில் விழுந்த திசையில், உண்மை அளவில், மேடுகளைக் குழியாகப் பொறித்தால் அந்த டாலரே ஓர் அச்சு. அதில் எதையாவது ஊற்றி எடுத்தால் விரலின் வடிவம் வரும். அதனால் ரேகையை ஒன்றேகால் மடங்கு பெரிதாக்கி, நடுச் சக்கரம் மட்டும் வரும்படி வெட்டுவது என்று முடிவெடுத்தார்கள். 18 மி.மீ. டாலரில் விரலின் 14 மி.மீ. சொச்சம் பகுதி மட்டும் இருக்கும். இதனால் இன்னொரு நன்மையும் வந்தது: கோடுகளுக்கு இடையேயான தூரம் 0.5-லிருந்து 0.6 மி.மீ.க்கு மேல் போனது, மெருகிலும் தேய்மானத்திலும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டும் அபாயம் குறைந்தது. மிகச் சிறிய டாலரில் முழு விரலையும் சுருக்கித் திணிக்கச் சொல்பவர்கள் உண்டு. ரேகையைச் சுருக்குவதைவிட வெட்டுவதே மேல்.

டாலர்

4 கிராம், 18 மி.மீ. வட்டம், வளையம் போகத் தகட்டின் கனம் 0.8 மி.மீ. போல. பொறித்த ஆழம் 0.1 மி.மீ. அளவில் நின்றது. 22 காரட் மென்மையானது, ஆழம் அதற்குக் குறைந்தால் சீக்கிரம் மழுங்கும். தங்கத்தின் தரத்தைக் காட்டும் முத்திரையும் எச்யுஐடி என்ற நகையின் தனி அடையாள எண்ணும் பின்பக்கம் விளிம்பருகே வரும்படி ஹால்மார்க் மையத்தில் கேட்டுக்கொண்டார்கள். பொறித்த பக்கத்துக்கு எந்திர மெருகு போடவில்லை. திருமணத்துக்கு ஆறு நாள் முன்பு டாலர் வீடு வந்தது.

பின்னர் நடந்தது

பேத்தி அதைத் தினமும் அணிகிறார். எட்டாம் மாதம் சங்கிலியை மெருகு போடக் கொடுத்தபோது டாலரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடையில் எந்திரத் துணியில் தேய்த்ததில் மேல் விளிம்புப் பக்கம் நாலைந்து கோடுகள் வெளிறின. சக்கரத்துக்குச் சேதமில்லை. அதன்பின் மென்மையான பல்துலக்கும் தூரிகையும் கொஞ்சம் சோப்பு நீரும் மட்டும்தான். கோடுகளில் மஞ்சளும் வியர்வையும் சேர்ந்து சற்றுக் கறுத்திருக்கின்றன, அதனால் ரேகை முன்னைவிட எடுப்பாகத் தெரிகிறது, அதைச் சுரண்டி எடுக்க வேண்டாம் என்று பட்டறையும் சொன்னது.

ஆச்சி மறுபடி பீடி சுற்றத் தொடங்கி, இரண்டே மாதத்தில் கட்டைவிரல் பழைய வழவழப்புக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பட்டறை தன் நடைமுறையில் செய்துகொண்ட மாற்றங்கள் சில. ஆர்டர் எடுக்கும்போதே வேலை என்ன, எந்தக் கை, ஆதார் கருவியில் எந்த விரல் பதிகிறது என்று கேட்பது. 'அழுத்தமாக' என்ற சொல்லை எங்கும் எழுதாமல், 'மெல்ல வைத்து, கோடு கருமையாக வரும்படி' என்று எழுதுவது. நாடா, பென்சில், புகைப்படத் தாள் மூன்றையும் பட்டறையே ஓர் உறையில் போட்டு அனுப்பி, எடுத்த பதிவுத் தாளையே கூரியரில் திருப்பி வாங்கி, ஸ்கேனைப் பட்டறையில் 1,200 டிபிஐயில் செய்வது. அப்படிச் செய்தால் தெளிவான படம் யாருடைய செல்பேசியிலும் தங்காது.

பன்னிரண்டு நாள் போதவில்லை என்பதும் உண்மை. ஒரு மாதம் கிடைத்திருந்தால் கட்டைவிரலின் மேல்பாதியில் இன்னும் கொஞ்சம் எழுந்திருக்கலாம். உழைத்துத் தேய்ந்த கை என்றால் திருமணத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள் இப்போது.

பட்டறையில் கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது. தேறிய மூன்று பதிவுகளில் இரண்டை மகள் வைத்திருக்கிறார். மூன்றாவதையும் கட்டைவிரலின் அரைப் பதிவையும் ஆச்சி கேட்டு வாங்கி, பீடிக் கடைப் பாஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.